சில்லறை வாங்கிய பிறகு சொல்கிற விஷயம்

கோவில்பட்டியில் ஒரு மெடிக்கலில் 22 வருஷமாக பார்மசிஸ்டாக இருக்கிறேன். கவுண்டருக்கு வருகிறவர்கள் சீட்டை நீட்டுவார்கள், மாத்திரையை வாங்குவார்கள், காசைக் கொடுத்துச் சில்லறையை எண்ணிப் பையில் போடுவார்கள். எல்லாம் முடிந்து, ஒரு காலைப் படியில் வைத்த பிறகு திரும்பிப் பார்த்து, "அப்புறம் தாயி..." என்பார்கள். பல பேர் உண்மையில் சொல்ல வந்தது அந்த "அப்புறம்" என்ற சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கும்.

சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியவர் அப்படித்தான் படியில் நின்றார். "மாடி ஏறுனா நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு தாயி. கேஸாத்தான் இருக்கும். ஒரு கேஸ் மாத்திரை சேர்த்துக் குடுத்துரு." அவர் கடைக்குள் இருந்த பத்து நிமிஷமும் பேசியது மாத்திரை விலையைப் பற்றி மட்டும்தான். நான் அடுத்த ஆளின் சீட்டை வாங்கியிருந்தால் அவர் அப்படியே இறங்கிப் போயிருப்பார். கேஸ் மாத்திரை கொடுக்கவில்லை. உட்கார வைத்து, அவர் மகனுக்குப் போன் போட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

மனிதர்கள் பெரிய விஷயத்தைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயமானதையும் வெட்கமானதையும் யாரும் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். சின்னதாக ஒன்றைச் சொல்லி, இந்த ஆள் காது கொடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: பேச்சு முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் இரண்டு மூச்சு நில்லுங்கள். சில்லறை கொடுத்த கையைக் கவுண்டரிலேயே வைத்திருங்கள். வீட்டில் என்றால், "சரி, நான் போய்ப் படிக்கிறேன்" என்று மகள் எழுந்த உடனே போனைக் கையில் எடுக்காதீர்கள். அவள் நிலைப்படியில் நிற்பாள். பாருங்கள்.

"சரி" என்றால் கேட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை

வேலைக்கு வந்து நாலாவது வருஷம் எனக்கு ஒரு தவறு நடந்தது. இன்றைக்கும் அந்த மாத்திரையை எடுக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை உண்டு. அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஒரு அண்ணாச்சிக்கு நாலு வாரத்துக்கு எழுதியிருந்தது. அட்டையில் நாலு மாத்திரையை வெட்டிக் கவரில் போட்டேன். அலமாரிப் பக்கம் திரும்பி அவருடைய அடுத்த மருந்தைத் தேடிக்கொண்டே, "இது வாரத்துக்கு ஒண்ணு, புதன்கிழமை. இது சாப்பாட்டுக்கு முன்னாடி. இது வலி இருந்தா மட்டும். இந்தச் சின்ன மாத்திரை ஃபோலிக் ஆசிட், மத்த நாள்ல. புரிஞ்சுதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். கவரில் "1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் வந்தார். "இந்த மாத்திரை தீந்துருச்சும்மா. வாயி வேற புண்ணா இருக்கு, ரசங்கூட எரியுது."

நாலு நாளில் நாலு மாத்திரை. அப்போதே டாக்டரிடம் கூட்டிப்போய், ரத்தம் சோதித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்து நல்லபடியாக வந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "நீ சொன்னதை நாந்தான் சரியாக் கேக்கல" என்றார். அப்படி இல்லை. பத்து வருஷமாக அவர் சாப்பிட்ட மாத்திரை எல்லாம் தினம் ஒன்று, தினம் இரண்டு என்றுதான் இருந்தது. அவர் காது "ஒண்ணு" என்ற சொல்லுக்காகத்தான் காத்திருந்தது, அதை எடுத்துக்கொண்டது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே மூச்சில் நாலு விஷயம் சொன்னேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஒரு மனிதர், அதுவும் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, "இல்லை" என்று எப்படிச் சொல்வார்?

அன்றிலிருந்து "புரிஞ்சுதா" என்று கேட்பதை விட்டேன். இப்போது கேட்பது இப்படி: "நான் தெளிவாச் சொன்னேனான்னு பாக்கணும் அண்ணாச்சி. வீட்டுக்குப் போனதும் மதினிகிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க?" இந்த வாக்கியத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. சோதனை எனக்குத்தான், அவருக்கு இல்லை. அப்புறம், அவர் என் சொல்லை ஒப்பிக்காமல் தன் சொல்லில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் வாயிலிருந்து "புதன்கிழமை மட்டும்" என்று வராத வரை கவரைக் கையில் கொடுப்பதில்லை. கவரிலும் "புதன்" என்று பெரிதாக எழுதி, மற்ற கிழமைகளை அடித்துவிடுகிறேன். மருத்துவத் துறையில் இப்படித் திருப்பிச் சொல்ல வைப்பதை ஒரு முறையாகவே சொல்லித் தருகிறார்கள்.

வீட்டில் இதையே மறுபக்கமாகச் செய்ய வேண்டும். அங்கே, சொன்னது இதுதானா என்று திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டியது காது கொடுக்கிற நாம்தான். என் கணவர் ஒருநாள், "இந்தத் தடவை ஊருக்கு நான் வரலை" என்றார். பழைய நானாக இருந்தால் "ஏன், எங்க வீடுன்னாதான உங்களுக்கு இப்படி" என்று ஆரம்பித்திருப்பேன். அன்றைக்கு, "வரப் பிடிக்கலையா, இல்ல இப்ப வர முடியலையா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, சீட்டுப் பணம் கட்ட முடியாமல் இருப்பதையும், என் தம்பி முன்னால் கை வீசிக்கொண்டு போய் நிற்கக் கூச்சமாக இருப்பதையும் சொன்னார். இரண்டு வருஷமாகச் சண்டை போட்ட விஷயம் அது. நாங்கள் சண்டை போட்டது வேறு எதையோ வைத்து.

பதிலைத் தயார் செய்துகொண்டே கேட்பது

2009ல் வெளியான ஒரு ஆய்வில், உலகின் வெவ்வேறு மூலைகளில் பேசப்படும் பத்து மொழிகளில் சாதாரண உரையாடல்களைப் பதிவு செய்து அளந்திருக்கிறார்கள். ஒருவர் கேள்வி கேட்டு முடித்து அடுத்தவர் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் விழுகிற இடைவெளி சராசரியாக 0.2 விநாடி. ஆனால் மனதில் ஒரு சொல்லை எடுத்து வாயில் கொண்டுவரவே அரை விநாடிக்கு மேல் ஆகும். அப்படியென்றால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் நம் பதிலைக் கட்ட ஆரம்பித்துவிடுகிறோம். இது யாருடைய கெட்ட குணமும் இல்லை, பேச்சு நடக்கிற விதமே அப்படித்தான். ஆனால் அவருடைய வாக்கியத்தின் கடைசிப் பகுதி நம் காதில் பாதிதான் விழுகிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். "மாத்திரையை நேத்து ராத்திரி..." வரைக்கும் கேட்டுவிட்டு நாம் பேசத் தொடங்கினால், போட்டாரா, போடவில்லையா, வாந்தி எடுத்தாரா என்பதே தெரியாது.

இதற்கு நான் செய்வது: அவர் முடித்ததும் மனதுக்குள் மூன்று எண்ணுவேன். முதல் வாரம் மூன்று எண்ணுவது மூன்று நிமிஷம் மாதிரி இருந்தது. எதிரில் இருப்பவருக்கு அப்படித் தெரிவதில்லை, தன் பேச்சை நாம் யோசிக்கிறோம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். என் கவுண்டரிலும் அதே மூன்று போதுமாக இருக்கிறது.

கூட்டமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் கடையில் நிற்க இடமிருக்காது. அந்த நேரத்தில் அரைக் காதில் கேட்பதைவிட நேராகச் சொல்லிவிடுவது மரியாதை: "அக்கா, நீங்க சொல்றதை நான் நல்லாக் கேக்கணும். இந்த மூணு பேரை அனுப்பிட்டு வர்றேன், ஸ்டூல்ல உக்காருங்க." சொன்னபடி நாமே திரும்பி வர வேண்டும். அவரை இரண்டாம் தடவை கூப்பிட வைக்கக் கூடாது.

"ஏன்" என்று தொடங்காதீர்கள்

தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிற ஒரு அம்மா. காலில் நீர் கோத்துக்கொள்ளும். நீர் பிரிகிற மாத்திரை எழுதியிருந்தது. மாதா மாதம் வாங்குவார், ஆனால் கால் வீக்கம் குறையவே இல்லை. டாக்டர் "ஏன் ஒழுங்கா மாத்திரை போடலை?" என்று கேட்டாராம். "போடுறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நானும் முதலில் அதையேதான் கேட்டேன், எனக்கும் அதே பதில்.

அடுத்த மாதம் கேள்வியை மாற்றினேன். "எந்தெந்த நாள் மாத்திரை போட வசதிப்படுது, எந்த நாள் வசதிப்படலை?"

யோசித்துச் சொன்னார். "ஞாயித்துக்கெழமை போட்டுருவேன் தாயி."

"மத்த நாள்?"

குரலைத் தாழ்த்தினார். "அதைப் போட்டா ரெண்டு மணி நேரம் ஒதுங்கிக்கிட்டே இருக்கணும்லா. உக்காந்து வேலை பாக்குற எடத்துல எத்தனை தடவை எந்திரிச்சுப் போக?"

இது சோம்பலோ மறதியோ இல்லை. மாத்திரை தன் வேலையைச் செய்கிறது, அவர் வேலை செய்கிற இடத்துக்கு அது ஒத்துவரவில்லை. டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றினார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், சாயங்காலம் ஐந்து மணிக்கு. தூக்கம் கெடாத அளவுக்கு முன்னதாகவும் இருந்தது. மூன்று வாரத்தில் செருப்பு சரியாக ஏறுகிறது என்று காட்டிவிட்டுப் போனார்.

"ஏன்" என்று கேட்டதும் மனிதர்கள் காரணம் தேட மாட்டார்கள், தற்காப்புத்தான் தேடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்கு "ஏன்டா லேட்டு?" என்று பழகியிருக்கிறது. எப்போது, எங்கே, எந்த நாள், அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். காரணம் அதற்குள்ளேயே இருக்கும். "ஏன் மார்க் குறைஞ்சது?" என்பதைவிட "எந்தக் கேள்வியில நேரம் போச்சு?" என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். தமிழில் வினவுவதற்கும் செவி கொடுப்பதற்கும் "கேட்பது" என்ற ஒரே சொல்தான். இரண்டும் ஒரே வேலை என்றுதான் எனக்கும் படுகிறது.

முகம் பார்க்காமல் பேசுவதும் பேச்சுதான்

கண்ணைப் பார்த்துப் பேசு என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது பாதிதான் சரி. மருந்து சொல்லும்போது முகம் பார்க்க வேண்டும். மனசு சொல்லும்போது பலருக்கு முகம் தடையாக இருக்கிறது. என் மகன் பதினாறு வயதில் சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை பேச மாட்டான். டியூஷனிலிருந்து டூ வீலரில் கூட்டி வரும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு பேசுவான். என் முகம் அவனுக்குத் தெரியாது, அவன் முகம் எனக்குத் தெரியாது. ஒரு நாள் இளையரசனேந்தல் ரோட்டில் வரும்போது, "அம்மா, எனக்கு பயாலஜி வேண்டாம்" என்றான். வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்திருந்தால் அதோடு நின்றிருக்கும். வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். வீட்டைத் தாண்டி இன்னொரு சுற்று போய்விட்டு வந்தோம்.

கீரை ஆய்வது, துணி மடிப்பது, பூத் தொடுப்பது எல்லாம் இதற்கு நல்ல இடங்கள். அதேபோல, கூச்சப்படுகிற விஷயத்தைக் கூட்டத்தில் கேட்க வேண்டாம். கடைக்கு வருகிற சின்னப் பெண்கள் எல்லோரும் போகும் வரை பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "என்னம்மா வேணும்?" என்று சத்தமாகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவார்கள். நான் கவுண்டரின் ஓரத்துக்குப் போய் நிற்பேன். அந்தப் பெண்ணும் அந்த ஓரத்துக்கு வந்துவிடும்.

துட்டி வீட்டில்

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய் வருவதைத் துட்டி கேட்கப் போவது என்போம். சொல்லைப் பாருங்கள். துட்டி சொல்வதற்கு இல்லை, கேட்பதற்குத்தான் போகிறோம். ஆனால் போய் உட்கார்ந்ததும் நாம் செய்வது என்ன? "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான், ஒரே நாள்ல..." என்று நம் கதையைத் தொடங்கிவிடுகிறோம். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த நிமிஷத்தில் அழுகிறவர் தன் துக்கத்தை எடுத்து வைத்துவிட்டு நம் அப்பாவுக்கு உச்சுக்கொட்ட வேண்டியிருக்கிறது.

"எனக்கும்" என்ற சொல் நாக்கு நுனிக்கு வரும்போது அதற்குப் பதிலாக அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக் கேளுங்கள். "கடைசியா டீ கேட்டாரு" என்று அவர் சொன்னால், "டீ கேட்டாங்களா?" என்று மட்டும். மீதியை அவரே சொல்லுவார். மகளோ தங்கையோ அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லி அழும்போது நான் நேராகவே கேட்டுவிடுவேன்: "நான் ஏதாவது சொல்லணுமா, இல்ல சும்மா கேட்டாப் போதுமா?" முக்கால்வாசி நேரம் சும்மா கேட்டால் போதும் என்றுதான் வரும்.

காது மந்தமானவர்களிடம்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வயதாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற, உச்சமான ஒலிகள். உயிரெழுத்துகள் நன்றாகக் கேட்கும், ச, த, க மாதிரியான மெய்களின் கூர்மைதான் மங்கும். அதனால் பேசுகிற சத்தம் கேட்கும், என்ன சொல் என்று தெரியாது. கத்தினால் சத்தம் கூடும், தெளிவு கூடாது. நம் முகம் கோபமாக வேறு தெரியும். என் மாமனாரிடம் நான் கற்றுக்கொண்டது: டிவியை நிறுத்து. அவர் முன்னால் வா, வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும். பேரைச் சொல்லியோ தோளைத் தொட்டோ முதலில் கூப்பிடு. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நிதானமாகச் சொல். ஒரு தடவை கேட்கவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாதே, வேறு சொல்லில் சொல். "பசிக்குதா மாமா?" கேட்கவில்லையா, "சாப்பாடு எடுத்து வைக்கவா?" முக்கியமாக, "ஒண்ணுமில்ல விடுங்க" என்று சொல்லவே சொல்லாதே. அவருக்கு அது, நீ இந்த வீட்டுப் பேச்சில் இல்லை என்று சொல்வது மாதிரி.

நாம் பேசும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல்லுங்கள், முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். குறை சொல்ல வேண்டியிருந்தால் "நீ எப்பவும் இப்படித்தான்" என்று போகாமல், நேற்று ராத்திரி நடந்த அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

பழகுவதற்கு ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். நான் என் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். எட்டயபுரம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, மழை உண்டா, அதோடு "சரி தாயி, வச்சிரட்டா" என்பார். நானும் "சரிம்மா" என்று வைத்துவிடுவேன். வருஷக்கணக்காக அப்படித்தான்.

பழகத் தொடங்கிய அந்த வாரம் "வச்சிரட்டா" என்றதும் நான் வைக்கவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. முதல் இரண்டு நாள், "என்ன தாயி, லைன்ல இருக்கியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்தார். மூன்றாம் நாள் கொஞ்ச நேரம் அவரும் பேசாமல் இருந்தார். பின்னால் எங்கோ நாய் குரைப்பது கேட்டது. அப்புறம் சொன்னார்:

"இந்த இடது கண்ணு கொஞ்ச நாளா பனி மூடுன மாதிரி இருக்கு தாயி. அரிசில கல்லு தெரிய மாட்டேங்குது. ஒனக்கு வேலைக்கெடைல என்னத்தச் சொல்லன்னு இருந்தேன்."

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"தீவாளிக்கு முன்னாடி இருந்தே."

அப்போது பங்குனி மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய்க் கூட்டி வந்தேன். கண்ணில் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன் முடிந்தது.